வேலிக்கு அப்பால் கேட்ட உடுக்கை

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்து, இருட்டத் தொடங்கும் நேரத்தில் வீடு திரும்பும்போதெல்லாம் நம் செவியில் உடுக்கை ஒலி ஒன்று எழுவதுண்டு. ஆலயத்தில் அப்போதுதான் பாடிவிட்டு வந்த பாடலுக்கும் அந்த ஒலிக்கும் யாதொரு தொடர்பும் இல்லையென்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். அது நம் சிறுவயது இரவுகளின் ஒலி. கேட்கக் கூடாதென்று தடுக்கப்பட்டு, தடையை மீறிக் கேட்டு, கேட்டதற்காக முழந்தாளிட்டு மன்னிப்பு வேண்டிய ஒலி.

தமக்குப் பிடித்த பாடகரை முதல் வரிசையில் அமர்ந்து கேட்டதை ஆயுள் முழுவதும் சொல்லி மகிழ்வோர் உண்டு. மார்கழி பிறந்தால் சென்னைச் சபாக்களை நாடி இரயில் ஏறுவோரும் உண்டு. கொங்கு நாட்டுக்கும் அத்தகைய இசைப் பெருமை குறைவில்லை. இசைத்தட்டு நம் நாட்டுக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே கோயம்புத்தூர் தாயியின் குரல் அதில் ஏறியது. காவிரிக்கரைக் கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் நாடக மேடையிலிருந்து திரைக்குச் சென்று, 1953-இல் ஔவையாராகவே தமிழர் மனத்தில் நிலைத்துவிட்டார். நம் வீட்டிலும் அவருடைய குரலுக்கு மறுப்புச் சொன்னவர் இல்லை. ஆனால் நாம் அருகிருந்து கேட்டவர்களின் பெயர் எந்த இசைத்தட்டிலும் இல்லை. 'அருகிருந்து' என்று எழுதுவதும் முழு உண்மையாகாது. அவர்களுக்கும் நமக்கும் இடையே ஒரு கிளுவை வேலி இருந்தது.

காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடைப்பட்ட வறண்ட நிலம் நமது பிறந்த மண். 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமானபோது ஈரோட்டிலிருந்து பிரிந்து அதனோடு சேர்ந்த பகுதி இது. கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும், அதில் முளைக்கும் கொழுக்கட்டைப் புல்லும், நிழலுக்கு நிற்கும் வெள்வேல மரங்களும், நாற்புறமும் உயிர்வேலியாக வளர்த்த கிளுவையுமே எங்கு நோக்கினும் தெரியும். காங்கயம் காளைகள் பேர்பெற்றது இந்தப் புல்லினால்தான். கண்ணபுரத்து மாட்டுச் சந்தைக்குச் சித்திரையில் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். காட்டு வேலை ஓய்ந்த மாதங்களில் இரவு நீண்டதாயிருக்கும். மின்விளக்கு எட்டாத ஊர்களில் அந்த இரவை நிரப்பியவர்கள் உடுக்கடிக் கதைக்காரர்கள்.

அவர்கள் பாடிய இடத்தை மேடை என்று சொல்வதற்கில்லை. ஒரு பெரிய வீட்டின் வாசல். சில ஆண்டுகளில் கோவில் முன்களம். பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று தொங்கும். கயிற்றுக் கட்டிலில் இரண்டு மூன்று பெரியவர்கள், கோணிச்சாக்கிலும் வெறுந்தரையிலும் மற்றையோர், ஒதுங்கி ஒரு பக்கமாகப் பெண்கள். எல்லாரையும் சேர்த்தால் அறுபது பேர் இருப்பார்கள். முதற்பாட்டுக்காரர் ஒருவர், பின்பாட்டுக்காரர் ஒருவர். பின்பாட்டுக்காரரின் முதன்மையான வேலை 'ஆமா' போடுவது. இதை எளிதென்று எண்ணிவிடக் கூடாது. முதற்பாட்டுக்காரர் வசனத்தில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். அந்த இடைவெளியில் விழும் 'ஆமா' வியப்பா, துயரமா, ஐயமா என்பதை வைத்தே கேட்போர் மனம் திரும்பும். நல்ல 'ஆமா' இல்லாத கதை உப்பில்லாத கஞ்சி என்பார் நம் பாட்டி. கூலியாகத் தவசமும் துண்டும் சில்லறையும் கிடைக்கும். நடுச்சாமத்தில் வரக்காப்பி வரும்.

உடுக்கை சிறு கருவிதான். இடை சுருங்கிய உடல், இருபுறமும் மெல்லிய தோல், இரு தோலையும் இணைக்கும் கயிறுகள். இடது கைக்குள் இடுப்பைப் பிடித்து, கயிறுகளை அழுத்தியும் நெகிழ்த்தியும் வலக்கை விரல்களால் அடித்தால், அடித்த ஓசை மேலேறிக் கீழிறங்கும். மனிதக் குரல் விம்முவதைப்போல் இருக்கும். தாளத்துக்கு மட்டும் பயன்படும் கருவியன்று இது. பாடுவோரின் தொண்டை அடைக்கும் இடத்தில் கருவி பேசும். புறநானூறு துடியன் என்று ஒரு குடியைக் குறிக்கிறது. சிவபெருமானின் கையில் துடியை வைத்துப் பாடின பக்தி இலக்கியங்கள். உடுக்கை அந்தத் துடியின் இனத்தைச் சேர்ந்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஓசை, விளக்கெண்ணெய் வாடையோடு நம் ஊர் வாசலில் கேட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போது யாருக்குத் தெரியும்!

அவர்கள் பாடிய கதை ஒன்றேதான்: அண்ணன்மார் கதை. பொன்னர் சங்கர் கதை என்று பிற ஊரார் சொல்வதை எங்கள் பக்கத்தில் குன்னுடையாக் கவுண்டர் கதை என்றும் சொல்வார்கள். பிள்ளையில்லாத தாமரை தவமிருந்து பெற்ற மக்கள் மூவர். பொறுமையே உருவான பொன்னர், கோபமே உருவான சங்கர், வரப்போவதை முன்னறியும் தங்கை அருக்காணி என்னும் தங்காள். அண்ணன்மாருக்கு ஆயுள் பதினாறு ஆண்டுகள் என்று பிறக்கும் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. வேட்டுவரோடு பகை, கொம்பன் என்னும் காட்டுப்பன்றியின் வேட்டை, மாயவரின் சூழ்ச்சி என்று கதை நடந்து, மணப்பாறைப் பக்கத்து வீரப்பூர்க் காட்டில் தம் வாள்மீது தாமே விழுந்து இருவரும் இறக்கிறார்கள். தங்காள் தனியாகக் காட்டில் தேடி வருகிறாள், படுகளத்தைக் காண்கிறாள், அழுகிறாள், எழுப்புகிறாள். எழுந்தவர்கள் அவளோடு சில சொற்கள் பேசுகிறார்கள். பிறகு மீண்டும் போய்விடுகிறார்கள். இவ்வளவுதான் கதை. இதைப் பாடி முடிக்கப் பல இரவுகள் வேண்டும்.

வேலிக்கு வெளியே நின்று இதைக் கேட்டோம் என்றோம். பெரிய வீட்டு வாசலுக்குள் நம் குடும்பத்தார் அமரும் வழக்கம் அந்நாளில் இல்லை. ஞானஸ்நானம் பெற்று இரண்டு தலைமுறை ஆகியிருந்தும், ஊரின் கணக்கில் நம் இடம் மாறவில்லை. பத்து இருபது பேர் கிளுவையின் ஓரமாகக் குத்தவைத்திருப்போம். முட்களினூடே விளக்கு வெளிச்சம் கோடு கோடாகத் தெரியும். பாட்டுக்காரரின் முகத்தை நாம் முழுமையாக அந்த ஆண்டுகளில் பார்த்ததில்லை; உடுக்கை பிடித்த கை மட்டும் ஒரு பிளவு வழியாகத் தெரியும். ஆனால் கதைக்குள்ளே நம்மவர் ஒருவர் இருந்தார். அண்ணன்மாரை விட்டு அகலாத வீரன் சாம்புவன். பறையடித்து முன்னே செல்பவன், போரிலும் வேட்டையிலும் சங்கருக்குத் துணையாய் நிற்பவன். அவன் பெயர் வரும்போது வேலியோரத்தில் ஓர் அசைவு உண்டாகும். பீடிகள் அணையும். நம் தந்தை நிமிர்ந்து உட்காருவார். வேலிக்கு அந்தப் பக்கம் நம்மில் ஒருவன் இருக்கிறான் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கியது.

நம் பங்கு ஆலயத்தின் நிலையும் சொல்லப்பட வேண்டும். கோவை மறைப்பரப்பில் பாரிஸ் வேதபோதக சபையினர் நெடுங்காலம் உழைத்தார்கள். அவர்களுள் ஒருவரான மாரியோன் தெ பிரெசியாக் ஆண்டகை 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதே மறைபரப்பின் அடிப்படை என்று வாதாடியவர். 1886-இல் கோவை மறைமாவட்டமானது. இத்தனைக்குப் பிறகும், 1960-களின் தொடக்கத்தில் பூசை இலத்தீனில்தான் நடந்தது. பாடல்களும் பெரும்பகுதி இலத்தீன். உபதேசியார் ஆர்மோனியம் வாசித்துச் சில தமிழ்க் கீர்த்தனைகளைச் சொல்லிக்கொடுத்தார். உடுக்கை பேய்க்குரிய கருவி, அதைக் கேட்கப் போவது கற்பனையை மீறுவது என்று அவர் மறைக்கல்வி வகுப்பில் சொல்லியிருந்தார். அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் சொன்னார்.

படுகளத்து இரவை நாம் தவறவிட்டதேயில்லை. தங்காள் அண்ணன்மாரின் உடல்களைக் காணும் இடம் வந்ததும் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் அப்படியே சாய்ந்து பிணம்போல் கிடப்பார்கள். வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது பெருந்திரளாக நடக்கும் இச்சடங்கு எங்கள் பக்கத்து ஊர்களில் கதை சொல்லும் களத்திலேயே நடக்கும். பாட்டு நிற்காது. உடுக்கை தாழ்ந்து விம்மும். பிறகு மந்திரித்த நீர் தெளிக்கப்படும். கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுவார்கள். அவ்வாறு கிடந்தவர்களுள் நம் தந்தைக்குக் கூலி அளக்கும் வீட்டுக்காரர் ஒருவரும் ஓராண்டு இருந்தார். அதட்டுவதையன்றி வேறு எதையும் அவரிடம் கண்டறியாத நமக்கு, அவர் வாய் திறந்து கிடந்ததும், நீர் பட்டதும் குழந்தையைப்போல் விழித்ததும் பெரிய அதிர்ச்சியாக இருந்தன. அந்த வாரச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, அஞ்ஞானிகளின் கதை கேட்டதைச் சொன்னோம். மூன்று பிரியதத்த மந்திரம் அபராதமாகக் கிடைத்தது. மூன்றையும் சொல்லி முடிப்பதற்குள் உடுக்கையின் நடை மனத்தில் ஓடத் தொடங்கிவிட்டது என்பதையும் இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

நாம் முட்களினூடே எட்டிப் பார்த்த அதே ஆண்டுகளில், அதே வட்டாரத்தில், வேறொருவர் இந்தக் கதையை வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவியாக வந்த பிரெண்டா பெக் என்பவர், 1964 முதல் ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஓலப்பாளையத்தில் தங்கிக் கண்ணபுரம் கிராமத்தை ஆராய்ந்தார். கொங்கு நாட்டின் வலங்கை இடங்கைச் சாதிகளின் வாழ்வை விளக்கும் அவருடைய நூல் 1972-இல் வெளிவந்தது. ஆனால் அவர் செய்த பெருந்தொண்டு வேறு. 1965-இல், இராமசாமி என்னும் உடுக்கைப் பாடகர் இரவு இரவாகப் பாடிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் முழுமையாகப் பதிவு செய்தார். முப்பது மணி நேரத்துக்கும் மேற்பட்ட பாட்டும் வசனமும். அதை வரிக்கு வரி எழுத்தாக்கி, ஆங்கில மொழிபெயர்ப்போடு இரு தொகுதிகளாகச் சென்னை ஆசியவியல் நிறுவனம் 1992-இல் வெளியிட்டது. இடையில் 1982-இல் கதையின் அமைப்பை ஆராயும் ஒரு நூலையும் அவர் எழுதியிருந்தார். பின்னாளில் அக்கதையைக் கேலிச்சித்திர அசைபடத் தொடராகவும் உருவாக்கினார். உள்ளூரிலும் முயற்சி இல்லாமலில்லை. கவிஞர் சக்திக்கனல் அண்ணன்மார் சுவாமி கதையைப் பதிப்பித்து அச்சில் நிலைபெறச் செய்தார். கலைஞர் கருணாநிதி இக்கதையைப் புதினமாக எழுத, அது 2011-இல் திரைப்படமும் ஆயிற்று. ஆயினும் அச்சேறிய கதை வேறு, ஒரு தொண்டை பாடிய கதை வேறு. அந்த ஒலிநாடாக்கள் இல்லையெனில், 1965-இல் ஒரு பாடகர் எங்கே மூச்சு விட்டார், எங்கே 'ஆமா' விழுந்தது என்பதை இன்று யாரும் அறிய வழியில்லை.

இன்னொரு ஒற்றுமையும் நமக்குப் பின்னர்தான் தென்பட்டது. பெக் பதிவு செய்ததற்குச் சற்று முன்னர், 1963 டிசம்பர் 4-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கை ஏட்டை வெளியிட்டது. அதன் 119-ஆம் பத்தி, மறைபரப்பு நாடுகளில் வாழும் மக்களுக்குத் தமக்கேயுரிய இசை மரபுகள் உண்டென்றும், அவற்றுக்கு உரிய மதிப்பும் தகுந்த இடமும் தரப்பட வேண்டுமென்றும் கூறுகிறது. உரோமையில் ஆயர்கள் கையொப்பமிட்ட அந்த ஏட்டின் காற்று நம் ஊர்வரை வீசச் சில ஆண்டுகள் பிடித்தன. வந்தபோது இலத்தீன் போய்த் தமிழ் வந்தது. கீழே அமர்ந்து பாடும் பாடகர் குழு வந்தது. மிருதங்கமும் தபேலாவும் வந்தன. உடுக்கை வரவில்லை. இதில் வியப்பு என்னவெனில், அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வீரமாமுனிவர் தேம்பாவணி பாடிய அதே கையால் கித்தேரியம்மாள் அம்மானையையும் எழுதினார். பாமரர் வாய்ப்பாட்டின் வடிவத்தில் ஒரு புனிதையின் வரலாற்றைச் சொல்ல அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. நமக்குத்தான் இருந்தது.

ஆசிரியப் பயிற்சி முடித்து நாம் பணியில் சேர்ந்த காலத்தில் இவையெல்லாம் சிந்தனைக்கு வந்தன. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காறுகளை ஆராயும் மையத்தை இயேசு சபையினர் தொடங்கிய பத்தாண்டு அது. நம் வட்டாரக் குருக்கள் சிலரும் மண்ணின் கலைகளைப் பற்றிப் பேசினார்கள். உற்சாகத்தில் நாமும் ஒரு திட்டம் வகுத்தோம். நாம் வேலிக்கு வெளியிலிருந்து கேட்ட பாட்டுக்காரர் அப்போது உயிரோடிருந்தார். ஆண்டவருடைய பாடுகளை உடுக்கையில் பாடித் தருமாறு அவரைக் கேட்பது, அதை வரும் தவக்காலத்தில் ஆலய முற்றத்தில் பாடச் செய்வது என்பதே நம் திட்டம்.

அது 1984. திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஆண்டு. 127 நாள்கள் நீடித்த அந்தப் போராட்டம் அவ்வூரின் வரலாற்றைப் பேசும் ஆய்வாளர் எவரும் தவிர்க்காத ஒன்று. 1920-களில் சிறு அளவில் தொடங்கிய பின்னலாடைத் தொழில், 1970-களில் வெளிநாட்டு ஏற்றுமதியைக் கண்டு வேகமெடுத்திருந்தது. காங்கயம், தாராபுரம், பல்லடம் என்று சுற்றிலுமுள்ள வறண்ட ஊர்களின் இளைஞர்களை அது ஈர்த்துக்கொண்டது. பாட்டுக்காரரின் மகன் தந்தைக்குப் பின்பாட்டுப் பாடிப் பழகியவர். ஆனால் கட்டிங் வேலைக்குப் போய் நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. திருப்பூர்க் கணக்கில் ஒரு நாள் என்பது ஒரு ஷிப்டு அன்று, ஒன்றரை ஷிப்டு. ஆர்டர் அவசரமென்றால் இரவும் சேர்ந்துகொள்ளும். 'ஆமா' போட ஆளில்லாமல் பாட்டுக்காரரின் உடுக்கை பரணில் இருந்தது. கம்பெனிகள் மூடியதால் மகன் ஊர் வந்து சேர்ந்தார். பாட்டு மீண்டும் கூடியது. வேலைநிறுத்தத்தால் அடுப்பெரியாத வீடுகளை நினைக்கையில் சொல்லக் கூசுகிறது. ஆனால் அந்த ஓர் இரவு நமக்குக் கிடைத்தது அதனால்தான்.

பாட்டுக்காரர் நம் வீட்டுக்கு வந்தார். நம் தந்தையை ஒருமையில் அழைத்தே பழகியவர், வாசலில் நின்று, "ஏனுங்க வாத்தியாரே, உள்ள வரலாமுங்களா?" என்றார். தந்தைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாட்டுக்காரர் கட்டிலில் அமரவில்லை. பாடுகிறவன் தரையில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லிச் சாணம் மெழுகிய வாசலில் அமர்ந்தார். நம் தாய் கொடுத்த வரக்காப்பியை வாங்கிக் குடித்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் முழுதாகப் பார்த்தோம்.

நம் வேண்டுகோளைக் கேட்டவர், "அந்தக் கதைய மொதல்ல முழுசாச் சொல்லுங்க, கேப்போம்" என்றார். கெத்சமனி தொடங்கி கல்லறைவரை சொன்னோம். யூதாசு காட்டிக்கொடுத்த இடத்தில் மகன் தம்மையறியாமல் 'ஆமா' போட்டார். கல்லறை மூடப்பட்டதும் முதியவர் கேட்டார்:

"எழுப்பறதுக்கு ஆரு போனாங்க? கூடப்பொறந்தவ இல்லீங்களா?"

எழுப்புவதற்கு யாரும் போகவில்லை, நறுமணத் தைலம் பூசப் பெண்கள் போனார்கள், மரிய மதலேன் என்பவள் விடியும் முன் இருட்டோடு போனதாக அருளப்பர் எழுதுகிறார் என்றோம்.

"இருட்டோட போனாளா? அழுதுட்டே போயிருப்பாளே?"

கல்லறைக்கு வெளியே நின்று அழுதாள் என்றே எழுதியிருக்கிறது என்றோம்.

"அப்பப் பாடியிருப்பா. அழுகறவ சும்மா அழுவாளா? அந்தப் பாட்டு உங்ககிட்ட இருக்குதுங்களா?"

நம்மிடம் இல்லை. அதை அவர் எதிர்பார்க்கவில்லை போலும்; சற்றுநேரம் உடுக்கையின் கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "இருந்தாக் குடுங்க, படிச்சுக்கறேன். நானாக் கட்டிப் பாடினா அது நெசமா இருக்காதுங்க. வெரதமிருந்து கும்புடற சாமிக்குத்தான் எனக்கு வாக்கு வருமுங்க" என்றார்.

நமக்கு ஏமாற்றமே. பிற்காலத்தில் பண்பாட்டுமயமாதல் பற்றிய கருத்தரங்குகள் பலவற்றில் அமர்ந்திருக்கிறோம். கனமான தாள்கள் வாசிக்கப்பட்டதைக் கேட்டிருக்கிறோம். அவற்றுள் எதுவும் அந்த மூன்று வாக்கியங்களுக்கு ஈடாகவில்லை. ஒரு மரபின் கருவியை மட்டும் கழற்றி எடுத்து வந்துவிடலாம் என்று எண்ணியவர்கள் நாம். அவரோ அதை நோன்போடும் நம்பிக்கையோடும் சேர்த்தே பிடித்திருந்தார். அவர் மறுத்தது நம் கதையின்மேல் வைத்த மரியாதையினால் என்பது உறைக்க நமக்குக் காலம் பிடித்தது.

மறுத்தவர் வெறுமனே எழுந்து போகவில்லை. "உங்களுக்கு வேணுங்கறது தங்காள்தானுங்களே" என்று சொல்லி, தங்காள் படுகளம் தேடி வரும் பகுதியைப் பாடத் தொடங்கினார். வந்திருந்தவர்கள் பதினைந்து பேர்கூட இல்லை. நம் வாசலுக்கு வேலியும் இல்லை. விடியும்வரை பாடினார். சாம்புவன் விழுந்து கிடக்கும் இடத்தைத் தங்காள் காணும்போது பாட்டு நீண்டது; வழக்கமாக அங்கே அவ்வளவு நீளாது என்பது கேட்டுப் பழகிய நமக்குத் தெரியும். நம் தந்தை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அன்று அடுக்களைப் பக்கம் அமர்ந்திருந்த பாட்டி நடுவில் எழுந்துவந்து நம் காதருகே, "இது நம்ம பெரிய வெள்ளி அழுகையல்லோ" என்றார். அப்போதுதான் விளங்கிற்று. பெரிய வெள்ளிக்கிழமை ஆலயச் சடங்குகள் முடிந்து குருவானவர் போன பிறகு, இறந்த ஆண்டவரின் சுரூபத்தைச் சுற்றிக் கிழவிகள் அமர்ந்து, வியாகுல மாதா அழுவதாக ஒரு புலம்பல் பாடுவார்கள். புத்தகத்தில் இல்லாதது; யார் கட்டினார்கள் என்று தெரியாதது. அதன் உருவும் தங்காள் அழுகையின் உருவும் ஒன்றேயாக இருந்தன. வேலிக்கு வெளியே குத்தவைத்துக் கேட்ட பெண்கள், கேட்ட மெட்டை எழுந்து நடந்து ஆலயத்துக்குள் கொண்டுபோய் மாதாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாம் திட்டமிட்டுச் செய்ய முயன்றதை, திட்டம் ஏதுமின்றி, உபதேசியாரின் கண்ணெதிரிலேயே அவர்கள் செய்து முடித்திருந்தார்கள். பாட்டுக்காரர் கேட்ட பாட்டுக்கு மிக நெருங்கிய ஒன்று நம் வீட்டு அடுக்களையிலேயே இருந்தது. 'இல்லை' என்று சொல்லிவிட்டோம்.

அந்த இரவை ஒரு 60 நிமிடக் கேசட்டில் பதிவு செய்தோம். இரண்டு பக்கமும் நிறைந்ததும் பாடல் தொடர்ந்தது, கருவி நின்றது. பாட்டியின் புலம்பலைப் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றவேயில்லை. அவர் 1987-இல் இறந்தார். ஆலயத்துக்கு ஒலிபெருக்கியும் மின்விசைப் பலகையும் வந்தபின், பெரிய வெள்ளி இரவில் கிழவிகள் அமர்ந்து அழும் வழக்கமும் நின்றது. யாரும் தடை செய்யவில்லை. அடுத்துப் பாட ஆளில்லை. அவர்களின் பேத்திகள் காலையில் கம்பெனி வேனில் ஏறி இரவு திரும்புகிறவர்கள். ஓவர்லாக் மெஷினிலும் செக்கிங் மேசையிலும் பன்னிரண்டு மணி நேரம் நின்ற உடல் இரவில் உறங்கத்தான் விரும்பும். பசியற்ற வீடுகள் அந்த வேனால்தான் வந்தன. நம் சாதிப் பிள்ளைகள் பெரிய வீட்டு வாசலை நம்பி நிற்காமல் தலைநிமிர்ந்ததும் அந்தக் கூலியால்தான். ஆகவே பழைய இரவுகளே மேல் என்று எழுத நமக்கு உரிமையில்லை. வேலிக்கு வெளியே அமர்ந்தவருக்கு அந்த உரிமை இன்னும் குறைவு. ஆனால் இழந்ததை இழந்ததாகக் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

கேசட்டின் கதை நமது வெட்கம். 1991-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பாடல்களுக்குப் பயிற்சி நடந்தபோது, கைக்குக் கிடைத்த கேசட்டை எடுத்துப் பாடகர் குழுவின் பயிற்சியை அதன்மேல் பதிவு செய்துவிட்டோம். தெரியாமல் நடந்ததன்று, புதிய கேசட் வாங்கக் காங்கயம் போக வேண்டும், மழை பெய்துகொண்டிருந்தது. முதியவர் மறுபடி பாடுவார், பதிவு செய்துகொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். அடுத்த ஆண்டு பெக்கின் தொகுதிகள் வெளிவந்தன. ஒரு கல்லூரி நூலகத்தில் அவற்றைப் புரட்டியபோது, அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவர் முப்பது மணி நேரத்தைக் காத்து வைத்திருக்க, நாம் ஒரு மணி நேரத்தைக் காக்கவில்லையே என்று நெஞ்சு சுட்டது.

பாட்டுக்காரர் 1997-இல் இறந்தார். முப்பதாம் நாள் கழிந்து மகன் நம்மைத் தேடி வந்தார். திருப்பூரில் கட்டிங் மாஸ்டராகியிருந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. "அப்பன் பாடுன டேப்பு இருக்குதுங்களா வாத்தியாரே? கொழந்தைகளுக்குப் போட்டுக் காட்டோணும்" என்றார். உண்மையைச் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேசட்டையாவது பார்க்கிறேன் என்றார். தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். வீட்டிலிருந்த டேப்பில் போட்டார். நம் பிள்ளைகள் பெத்லகேமைப் பற்றிப் பாடினார்கள், தவறினார்கள், சிரித்தார்கள், மறுபடி பாடினார்கள். அவர் பொறுமையாக இரண்டாம் பக்கத்தையும் திருப்பிப் போட்டார். பயிற்சி முடியும் முன்பே அன்று மின்சாரம் நின்றிருக்க வேண்டும். ஒரு பாடல் பாதியில் அறுந்தது. சிறிது இரைச்சல். அதன்பின் உடுக்கை.

ஏழு நிமிடங்கள் எஞ்சியிருந்தன. அவற்றில் பாட்டு அதிகமில்லை. முதியவர் வசனம் சொல்கிறார், இருமுகிறார், யாரோ தண்ணீர் கொடுக்கிறார்கள். தங்காள் அண்ணன்மாரை எழுப்பிவிட்டாள். அவர்கள் அவளிடம் பேசுகிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் இளங்குரல் 'ஆமா' என்கிறது. அந்தக் குரலுக்கு உரியவர் நம் எதிரே, ஒலிபெருக்கியின்மேல் காதை வைத்தபடி, உதடு அசைய அமர்ந்திருந்தார். நாடா முடிந்து விசை தானே எழும்பியபோது, பின்னோக்கிச் சுற்றி, இன்னொரு முறை போட்டார்.